இலதென்பார் சொல்லும் சைவர் கடனும்

உலகிற்கு முதல்வன் ஒருவன் உளன் என்பது சைவசித்தாந்தத்தின் முதற்கோள். அங்ஙனம் ஒருவன் இலன் என்பது உலகாயதரின் கோள். இவ்விரண்டனுள் எது மெய் என்பது தத்துவ நூல்களில் விரிவாக ஆராயப்பட்ட வினா. அதனோடு நெருங்கியதாயினும் அதனின் வேறான மற்றொரு வினாவும் உண்டு. இலன் என்பான் தன் கொள்கையைப் பலரறியச் சொல்லுதற்கும், அச்சிட்டுப் பரப்புதற்கும் உரியனோ? அவன் வாயை அடைத்தல் உளன் என்பார்க்குக் கடமையாகுமோ, பிழையாகுமோ? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுப்பொறி பரவிய பின்னர் இவ்வினா தமிழகத்திற் கூர்மையுற்றது. இன்றும் அது தீர்ந்ததன்று.

அந்நூற்றாண்டில் இங்கிலாந்து தேசத்திலே இவ்வினாவிற்குச் சிறைச்சாலை விடை கூறிற்று. தாமஸ் பெயின் இயற்றிய நூலை வெளியிட்டமை பற்றி ரிச்சர்டு கார்லைல் என்பார் 1819இல் தண்டிக்கப்பட்டு ஆண்டுகள் பல சிறையிலிருந்தார். கடவுளை நம்பாதவரான சார்லஸ் பிராட்லா 1880இல் நார்தாம்டன் மக்களால் பாராளுமன்றத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்டும், பன்முறை தடுக்கப்பட்டு, 1886இலேயே தடையின்றிச் சபையில் அமர்ந்தார். கடவுளைச் சாட்சியாக்காது உறுதிமொழி கூறுதற்கு வழிசெய்யுஞ் சட்டம் 1888இல் இயற்றப்பட்டது. இவற்றிற்கிடையே, 1883இல், தம் பத்திரிகையில் கிறிஸ்து மதத்தை எள்ளி வெளியிட்டமைக்காக ஃபூட் என்பார் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அத்தேசத்துத் தெய்வநிந்தைச் சட்டம் அரசு தழுவிய திருச்சபையின் கொள்கைக்கே காவலாயிருந்தது. பிற சமயத்தாரின் தெய்வங்களுக்கு அதனால் யாதொரு காவலும் இல்லை. அச்சட்டம் 2008இலேதான் நீக்கப்பட்டது. அரசு ஒரு கொள்கைக்குக் காவலாய் நிற்குமிடத்துப் பிற கொள்கையாரின் மெய்யும் ஒருநாள் நிந்தையெனப்படும் என்பதற்கு இது தக்க சான்று.

சென்னையில் நிகழ்ந்தது வேறு. அங்கே கடவுள் மறுப்பாளர் சிலர் சென்னை இலௌகிக சங்கம் என்னும் பெயராற் கூடினர். 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ்ப் பத்திரிகை அவர் சார்பில் வெளிவந்தது. வேதத்தின் தெய்விகத்தையும், விவிலியத்தின் அற்புதங்களையும், மறுமையையும் அவர் மறுத்தனர். சாதி வேற்றுமையையும் இளமை மணத்தையும் கடிந்தனர். அத்திப்பாக்கம் வேங்கடாசல நாயகர் இயற்றிய 'இந்துமத ஆசார ஆபாச தரிசினி'யும் அவ்வாண்டாகிய 1882இலேயே வெளிவந்தது. இலண்டனில் ஃபூட் சிறையுட் புகுந்த காலத்திலே சென்னையில் 'தத்துவ விவேசினி' அச்சேறிக்கொண்டிருந்தது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணங்களுள் ஒன்று 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 15ஆம் அதிகாரம் சமயம் பற்றிய குற்றங்களைக் கூறுவது. பல சமயத்தார் வாழும் நாட்டை ஆளப் புகுந்தோர் இயற்றியதாகலின், அது எச்சமயத்தின் கொள்கையையும் மெய்யெனக் கொண்டு காவாதாயிற்று. வழிபடுமிடத்தை இழிவு செய்தலும், வழிபாட்டுக் கூட்டத்தைக் கலைத்தலும், பிறர் சமயவுணர்ச்சியைப் புண்படுத்தும் எண்ணத்தோடு அவர் செவிப்படப் பேசுதலும் அதனாற் குற்றமாயின. கடவுள் இலர் என்று கருதுதலோ, அதனை நூலாக எழுதுதலோ குற்றமாகக் கூறப்படவில்லை.

இவ்வுரிமையால் முதற்கண் பயன்பெற்றோர் யாவர் என்பது சைவர் நினைவு கூரத்தக்கது. அமெரிக்க மிஷனரிமார் 1834இல் மதுரையிற் சமயப்பணி தொடங்கினர். அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் அவர் நிலைகொண்டிருந்தனர். சிவபெருமான் திருவிளையாடல்களையும் திருவுருவ வழிபாட்டையும் இழித்துரைக்குந் துண்டுப் பத்திரங்கள் மலிந்தன. அக்காலத்து ஆறுமுக நாவலர், அவர் வாயை அடைக்குமாறு அரசை வேண்டி நின்றிலர். தாமே அச்சுக்கூடம் நிறுவினார், பாடசாலை கண்டார், 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் மறுப்பு நூலை வெளியிட்டார். அச்சாற் செய்த தூஷணைக்கு அச்சாலேயே பரிகாரஞ் செய்தார். ஆளுவோரின் மதத்தை மறுத்தெழுதச் சைவர்க்கிருந்த உரிமையும், எல்லா மதத்தையும் மறுத்தெழுத இலௌகிக சங்கத்தார்க்கிருந்த உரிமையும் வெவ்வேறல்ல. ஒன்றைக் கைக்கொண்டு மற்றொன்றை விலக்குதல் நடுவுநிலையாகாது.

அற்றேல், இஃது அரசியல் நீதியேயன்றிச் சமய நீதியன்றே, சைவ நூல்கள் இதற்கு இசையுமோ எனின், இசைதலேயன்றி இதனை வேண்டியும் நிற்கும் என்க.

அருணந்தி சிவாசாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருளிய சிவஞானசித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு கூறுடையது. பிறர் கொள்கையை முன்னர் வைத்துத் தம் கொள்கையைப் பின்னர் வைத்தமை நோக்கத்தக்கது. அப்பரபக்கத்தின் முதற்கண் நிற்பவன் உலகாயதன். காட்சியன்றிப் பிற அளவைகள் கொள்ளத்தக்கன அல்ல, பூதங்களின் கூட்டத்தில் அறிவு தோன்றும், இறந்தபின் யாதுமில்லை என்னும் அவன் கோட்பாடு முழுதும் அவன் கூற்றாகவே உரைக்கப்பட்ட பின்னரே மறுப்புத் தொடங்குகின்றது. எதிரியின் கொள்கையைக் குறைத்துக் கூறி எளிதில் வெல்லுதல் அறமன்று என்பது ஆசிரியர் கருத்து. தமிழகத்து உலகாயதரின் தனி நூல்கள் இன்று கிடைத்தில. அவர் கருத்துக்களுட் பல, மறுத்தோர் ஏடுகளிலேயே பிழைத்திருக்கின்றன. இல்லையென்பான் சொல்லை எரியாது, தம் நூலிலேயே இடங்கொடுத்துக் காத்த மரபு சைவ மரபு.

இதனினும் ஆழ்ந்தது மெய்கண்ட தேவர் காட்டிய நெறி. சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரம் உயிரின் உண்மையை நிறுவ எழுந்தது. உடல் முதலியவற்றை இஃது உயிரன்று, இஃது உயிரன்று என ஒவ்வொன்றாகக் கழித்து, இறுதியில் உயிரென ஒன்று இல்லையே என்பான் ஒருவன். அவனுக்கு அளிக்கப்படும் விடை யாது? அங்ஙனம் இல்லையென்று அறிந்து சொல்லும் அறிவொன்று உண்டன்றோ, அதுவே உயிர் என்பது. மறுப்பவன் சொல்லையே சான்றாகக் கொண்டு நிற்கும் தருக்கம் இது. அவன் நாவை அடக்கின் இழப்பு அவனுக்கு மட்டுமன்று. ஆசிரியர் கைக்கொண்ட சான்றும் உடன் ஒழியும்.

இது உயிருண்மைக்கன்றிக் கடவுளுண்மைக்கு ஆகாதே எனின், அதுவும் பொருந்தாது. தோன்றி நின்று அழியும் உலகிற்கு அவற்றைச் செய்யும் முதல்வன் வேண்டும் என்பது முதற்சூத்திரத்தின் கருத்து. அஃது ஆணையன்று, அனுமானம். அனுமானம் ஐயுறுவானை நோக்கி எழுவது. ஐயம் சொல்லப்படாவிடத்து அதற்கு வேலையில்லை. ஆணையால் நம்பவைத்தல் ஆசிரியர் கருத்தாயின் காரணம் காட்டியிரார்.

இனி, உயிரின் நிலையை நோக்கினும் இவ்வுண்மை விளங்கும். இறைவனை அறியவொட்டாது தடுப்பது ஆணவமலம். அது செம்பிற் களிம்புபோல் உயிரோடு உடனாய் நிற்பது. மலபரிபாகமும் சத்திநிபாதமும் வாய்க்குங்கால் அதன் வலி கெடும். செம்பை அடித்து நெளித்தலாற் களிம்பு நீங்காதவாறுபோல, ஒருவனை ஒறுத்தலால் அவன் ஆணவம் நீங்காது. அச்சத்தால் உளன் என்பவன் உள்ளத்தில் இலன் என்றே நிற்பான்; முன்னர் ஒரு பிழையுடையவன் பின்னர்ப் பொய்ம்மையும் உடையனாவான். சித்தாந்தம் உலகாயதத்தைப் புறப்புறச் சமயங்களுள் வைத்தது. புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்னும் முறைவைப்பு உயிர் ஏறிவரும் படிகளின் முறைவைப்பு. கீழ்ப்படியில் நிற்பானைத் தள்ளுதல் ஏணியின் பயனை அறியாதார் செயல்.

திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாறு இதனை நன்கு தெளிவிக்கும். அவர் தருமசேனர் என்னும் பெயரோடு சமண் பள்ளியிலிருந்து சைவத்தை மறுத்துரைத்த நாளிலே, சைவ வேந்தன் ஒருவன் அந்நாவை அடக்கியிருப்பின், பின்னர் நாவுக்கரசர் என ஒருவர் ஏது? அவர் மீண்டு வந்தபின் பல்லவன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லொடு கட்டிக் கடலிலிட்டான். அரச தண்டத்தால் ஒருவர் கொள்கையை மாற்ற முயலுதல் எத்தன்மைத்து என்பதைச் சைவர் தம் குரவர் ஒருவர் மெய்யிலேயே கண்டறிந்தவர். கண்டறிந்ததைப் பிறர்க்குச் செய்தல் தகுமோ?

இவ்விடத்து மதுரையை முன்னிட்டு ஒரு தடை எழும். ஆளுடைய பிள்ளையார் பாண்டிநாட்டிற்கு எழுந்தருளி அனல்வாதம் புனல்வாதங்களில் வென்றபின் சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்பது பெரியபுராணத்தும் திருவிளையாடற் புராணத்தும் கேட்கப்படுவது. வையை வெள்ளத்தை எதிர்த்தேறிய ஏடு தங்கிய திருவேடகம் இன்றும் மதுரைக்கு மேற்கே வையைக் கரையில் உள்ளது. பிறர் கொள்கையை மறுத்தற்குக் கழுவும் ஒரு வழியன்றோ என்று சிலர் இதனைப் பெருமிதத்தோடு எடுத்துக் கூறுப. சைவம் கொலைச் சமயம் என்பதற்கு இதுவே சான்று என மறுப்பாளரும் கூறுப. இரு சாராரும் சேக்கிழார் சொல்லியதை ஊன்றி நோக்கிற்றிலர்.

சேக்கிழார் கூற்றின்படி கழுவேறுதல் தோற்றார்க்குரிய ஒட்டமாகச் சமணர் தாமே இசைந்தது. பிள்ளையார் எவரொடும் பகையிலராயினும், அடியார் உறைந்த திருமடத்தில் சமணர் தீயிட்ட குற்றம் பற்றி, அரசன் செயலை விலக்காதிருந்தார் என்பதே அவர் காட்டும் காரணம். கொள்கை வேறுபாடு மாத்திரையே கொலைக்குப் போதிய காரணமாகும் என அவர் கருதினாராயின், மடத்திற்குத் தீயிட்ட குற்றத்தை ஈண்டுக் காரணமாகக் கூறவேண்டுவதில்லை. மேலும், பிள்ளையார் காலம் ஏழாம் நூற்றாண்டு. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர்மலையில் உள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வட்டெழுத்துச் சாசனங்களும் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. குறண்டித் திருக்காட்டாம்பள்ளித் துறவியர் பெயர்கள் அவற்றுட் காணப்படுகின்றன. பிள்ளையாருக்கு இருநூறாண்டுகட்குப் பின்னும் சமணர் மதுரையைச் சூழ வாழ்ந்து, பள்ளி நடத்தி, கல்லில் எழுதினர் என்பதற்கு அம்மலையே சாட்சி. ஆகலின், பாண்டிநாட்டிற் சமணம் கழுவால் ஒழிந்தது என்று பெருமிதங்கொள்வார்க்குக் கல்வெட்டின் துணையில்லை. இக்கதையைக் காட்டி இன்று ஒருவர் நாவை அடக்கப் புகுவார்க்குச் சேக்கிழாரின் துணையுமில்லை.

பாண்டிநாட்டுப் பெருமையாயின் அதற்குரிய வரலாறு வேறொன்று உண்டு. மதுரைக்குக் கிழக்கே, மேலூரை அடுத்துள்ளது திருவாதவூர். அவ்வூரில் அவதரித்த மாணிக்கவாசக சுவாமிகள் தில்லையிற் புத்தரொடு வாதஞ் செய்தமை திருவாதவூரடிகள் புராணத்தில் விரித்துரைக்கப்பட்டது. ஈழத்தினின்று வந்த புத்தர் சிவநிந்தை புரிந்தபோது அவர் நா எழாது ஊமையாயினர் என்ப. வாயடைத்தலே வெற்றியாயின் கதை அங்ஙனமே முடிந்திருக்கும். முடிந்ததன்று. ஈழ மன்னன் தன் ஊமைப் பெண்ணைச் சுவாமிகள் முன் நிறுத்தினான். புத்தர் முன்னர்க் கேட்ட வினாக்கள் அனைத்திற்கும் அப்பெண்ணே வாய்திறந்து விடை பகர்ந்தாள். திருச்சாழல் என்னும் பதிகம் அவ்வினாவிடையின் வடிவினதாகக் கொள்ளப்படும். பின்னர்ப் புத்தரும் நாவெழப் பெற்றனர். இவ்வரலாற்றின் நிறைவு யாது? பேசுவார் ஊமையானமையன்று, ஊமை பேசியமையும், ஊமையானாரும் மீளப் பேசியமையுமே. மறுப்பாளர் எள்ளி வினவியவை சைவத் திருமுறையினுள்ளே இடம்பெற்று, நாடோறும் ஓதப்படுகின்றன. அவை இல்லையேல் விடையும் இல்லை.

இங்ஙனம் கூறுதலால் எச்சொல்லும் ஏற்புடைத்து என்றவாறாயிற்றோ எனின், அன்று. மறுத்தல் வேறு, நிந்தித்தல் வேறு. சிவநிந்தை கேட்டல் அடியார்க்குப் பொறுத்தற்கரியது. அவ்விடத்தை விட்டு நீங்குதல் அவர்க்கு விதித்த ஒழுக்கம். ஆயினும் பாவம் என்பது உயிர்க்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது; குற்றம் என்பது மக்களுக்குள்ளே ஒருவர் மற்றொருவர்க்குச் செய்யுந் தீங்கு. கோயிலை இடித்தலும், திருவுருவத்தைச் சிதைத்தலும், ஒரு கூட்டத்தார்மேல் வன்செயலை ஏவுதலும் குற்றங்கள். அவற்றை அரசு தண்டித்தல் முறை. வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு ஒரு சமயத்தை எழுத்தால் இழிவுபடுத்துதலையும் 1927இற் சேர்க்கப்பட்ட 295ஏ பிரிவு குற்றமாக்கிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையிலும் அவ்விதி இடம்பெற்றுள்ளது. அவ்விதி தீய நோக்கத்தையே நோக்குவது. கேட்டார் மனம் வருந்தியமை ஒன்றையே அளவாகக் கொள்ளுதல் அதன் கருத்தன்று. கொள்ளின், சைவர்க்கே இடர் விளையும். என்னை? ஆளுடைய பிள்ளையார் பதிகங்களிற் பெரும்பாலனவற்றின் பத்தாந் திருப்பாட்டு சமணரையும் சாக்கியரையும் கடிந்துரைப்பது. அது கேட்டு வருந்துவார் உளர் என்பது பற்றி அதனைத் தடுக்க ஒருவர் முற்படின் சைவர் ஒருப்படுவரோ?

இறுதியாக ஒன்று. மறுப்பாளர் சொல்லியவற்றுள் இறைவன் இலன் என்பது ஒரு கூறு. இறைவன் பெயரால் மக்கள் செய்த கொடுமைகள் இவை என்பது மற்றொரு கூறு. முன்னதற்குத் தருக்கத்தால் விடையிறுக்கலாம். பின்னதற்கு ஒழுக்கமே விடை. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் நாடார் குலத்தவர் புகுந்து வழிபட்டமை வழக்காயிற்று. 1899இல் மதுரைக் கீழ்நீதிமன்றம் அவர்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதனை உறுதி செய்தது. வழிபடச் சென்றாரைத் தடுத்தோர் நாத்திகரல்லர். 'தத்துவ விவேசினி' சாதி வேற்றுமையைக் கடிந்து ஏறக்குறைய ஐம்பதாண்டு கழிந்து, 1939 ஜூலை 8ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரையும் நாடாரையும் மதுரை மீனாட்சியம்மை சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். அவரும் நாத்திகரல்லர். அடியார் செய்த பிழையை அடியாரே திருத்தினர். ஆயின் அப்பிழையை அஞ்சாது எடுத்துக் கூறினோருள் நாத்திகரும் இருந்தனர் என்பதை மறைத்தல் நன்றியன்று. அவர் வாய் அடைக்கப்பட்டிருப்பின் காக்கப்பட்டிருப்பது சைவமன்று, அப்பிழையே.

ஆகவே சைவர் கடன் வாயடைத்தலன்று, வாய்திறத்தல். 'தத்துவ விவேசினி' நடந்த காலத்திலேயே, 1883இல், தூத்துக்குடியிற் சைவ சித்தாந்த சபை தோன்றிற்று. நல்லசாமிப் பிள்ளையின் சிவஞானபோத ஆங்கில மொழிபெயர்ப்பு 1895இல் வெளிவந்தது. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கமும், 1905இல் சைவ சித்தாந்த மகா சமாஜமும் நிறுவப்பட்டன. சாத்திரங்களை அச்சிடுதலும், இளைஞர்க்குப் பொருள்விளங்கக் கற்பித்தலும், வினவுவாரைச் சினவாது ஏற்றலும் அம்முன்னோர் விட்டுச்சென்ற பணிகள். பரபக்கம் கல்லாது சுபக்கம் மாத்திரம் கற்றோர் மறுப்பைக் கேட்டவிடத்து வெகுளுவர். இரண்டும் கற்றோர் விடை கூறுவர். இல்லையென்பான் ஒருவன் வாயிலில் வந்து நிற்பானாயின், அவனுக்கும் ஓர் இருக்கை இடுக. அவன் சொல்லத் தொடங்கும்போதே, சொல்லும் அறிவொன்று உண்டென்பதற்குச் சான்று வந்துவிட்டது. எஞ்சியதை நூல்களும் திருவருளும் செய்யும்.